மூன்று என்று எழுதியது நான்தான்

கோயம்புத்தூர் கணபதியில் ஒரு டீக்கடை பெஞ்ச். 2016, சித்திரை மாத வெயில். எதிர்க்கடையில் பில் போட்டு வாங்கிய, வேறொரு கம்பெனியின் பம்பு மோட்டார் கன்ட்ரோலர் பெட்டியை நடுவில் வைத்து நாலு திருகையும் கழற்றினோம். கழற்றியவர் என் கட்சிக்காரர், பதினைந்து பேர் வேலை பார்க்கும் ஒரு பட்டறையின் முதலாளி. மூடியைத் தூக்கியதும் உள்ளே மூன்று கம்பிகள் தெரிந்தன: சிவப்பு, மஞ்சள், நீலம். சிவப்புக் கம்பி, மின்னோட்டத்தை அளக்கும் ஒரு கறுப்பு வளையத்துக்குள் நுழைந்து போனது. நீலமும் அப்படியே. மஞ்சள் மட்டும் எதிலும் நுழையாமல் நேராக டெர்மினலுக்குப் போயிருந்தது.

"பாருங்க வக்கீலம்மா, அப்படியே நம்ம சரக்குங்க" என்றார். குரலில் கோபத்தை விட நிம்மதிதான் அதிகம் இருந்தது. இரண்டு வருஷமாகச் சந்தேகப்பட்டது இப்போது கண்ணெதிரே இருந்தது.

நான் வளையங்களை இன்னொரு தடவை எண்ணினேன். இரண்டு. அவருடைய காப்புரிமையில் மூன்று என்று இருந்தது. அதை எழுதியது நான்.

தொழில்நுட்பக் காப்புரிமை வழக்குகள்தான் என் தொழில். 2006இல் வக்கீலாகப் பதிவு செய்த நாளிலிருந்து வேறு வேலை அதிகம் பார்த்ததில்லை. என்ஜின், மொபைல் போன், காற்றாலை, பம்பு என்று எத்தனையோ வந்து போயிருக்கின்றன. அவற்றில் எதை விட்டாலும் அந்த மஞ்சள் கம்பியை என்னால் விட முடியவில்லை. அதைச் சொல்ல வேண்டுமென்றால் அம்பாசமுத்திரத்திலிருந்து தொடங்க வேண்டும்.

அப்பா பத்திர எழுத்தர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு தகரக் கொட்டகை, ஒரு சாய்வு மேசை, ஒரு மரப்பெட்டி. பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கேதான் போவேன். எழுதி முடித்த பத்திரத்தை அப்பா சத்தமாகப் படிப்பார், நான் பழைய பத்திரத்தில் விரலை வைத்து ஒத்துப் பார்க்க வேண்டும். கிரயம் கொடுப்பவர் பெயர், வாங்குபவர் பெயர், தொகை எல்லாம் வேகமாக ஓடும். சொத்து விவரம் வந்ததும் அப்பாவின் குரல் நிதானமாகிவிடும். "இதற்குச் செக்குபந்தி. வாய்க்காலுக்கு வடக்கு, வண்டிப்பாதைக்குக் கிழக்கு, இன்னார் நஞ்சைக்குத் தெற்கு, இன்னார் தோட்டத்துக்கு மேற்கு, இந்த நான்கெல்லைக்கு உட்பட்ட..." அந்த இடத்தில் ஒரு எழுத்து தப்பினாலும் திரும்பவும் முதலிலிருந்து படிப்பார். அதோடு விடமாட்டார். கிணறு இருந்தால் கிணறு, கிணற்றில் பங்கு, மோட்டார் ரூம், மின் இணைப்பு, தென்னை எத்தனை, மா எத்தனை, வண்டி போக வர உள்ள நடைபாதை உரிமை என்று ஒன்று விடாமல் சேர்ப்பார். எழுதாமல் விட்ட மரத்துக்காகப் பங்காளிகள் வெட்டிக்கொண்ட கதைகள் அவரிடம் நிறைய இருந்தன.

நான் எலெக்ட்ரானிக்ஸ் படித்தேன். 1999இல் முடித்து, பெங்களூரில் தொலைத்தொடர்புக் கருவிகள் செய்யும் ஒரு கம்பெனியில் நாலு வருஷம் வேலை பார்த்தேன். பேச்சை எண்களாகச் சுருக்கி அனுப்பும் கோடெக்கைச் சோதிப்பது என் வேலை. அங்கேதான் முதன்முதலாக ஒரு பேட்டன்ட்டை, அதாவது காப்புரிமையை, கையில் எடுத்துப் பார்த்தேன். முப்பது பக்க விளக்கம், படங்கள், கடைசியில் எண் போட்ட சில வாக்கியங்கள். அந்த வாக்கியங்களைப் படித்ததும் தகரக் கொட்டகை ஞாபகம் வந்துவிட்டது. இது செக்குபந்திதானே என்று நினைத்தேன். வேலையை விட்டுச் சட்டம் படிக்கப் போனதற்கு வீட்டில் ஆயிரம் காரணம் சொன்னேன். உண்மையான காரணம் அந்த ஒரு நிமிஷம்தான்.

அந்த வாக்கியங்களுக்கு க்ளெய்ம் என்று பெயர். பேட்டன்ட் என்றால் கண்டுபிடிப்பின் விளக்கம் என்று பலரும் நினைக்கிறார்கள். விளக்கம் எவ்வளவு நீளமாக இருந்தாலும் உரிமை இருப்பது க்ளெய்மில்தான். ஒவ்வொரு க்ளெய்மும் ஒரே வாக்கியம். அதில் எழுதிய உறுப்பு ஒவ்வொன்றும் எதிராளியின் பொருளில் இருந்தால்தான் அவர் நம் எல்லைக்குள் வந்தவர். ஒன்று குறைந்தாலும் வெளியே நிற்பவர். இந்தக் கணக்கு பத்திரக் கணக்குக்கு நேர் எதிரானது. பத்திரத்தில் கிணறு, மரம், பாதை என்று சேர்க்கச் சேர்க்க வாங்குபவருக்கு லாபம். க்ளெய்மில் ஒவ்வொரு சொல்லைச் சேர்க்கும்போதும் நிலம் ஒரு முழம் சுருங்குகிறது. 'நாலு கால், ஒரு பலகை கொண்ட நாற்காலி' என்று எழுதினால் மூன்று கால் நாற்காலி செய்பவனை ஒன்றும் செய்ய முடியாது. இதை நான் பரீட்சைக்குப் படித்தேன், பேட்டன்ட் ஏஜென்ட் தேர்வும் தேறினேன். கை மட்டும் அப்பாவின் கையாகவே இருந்தது.

தம்புச் செட்டித் தெருவில் ஒரு மாடி அறை என் சீனியரின் அலுவலகம். கிழக்கே கொஞ்சம் நடந்தால் கடற்கரை ரயில் நிலையம், இந்தப் பக்கம் ஹைகோர்ட்டின் சிவப்புக் கோபுரங்கள். 2007 முடியும்போது கோர்ட் வளாகத்தில் எங்கள் துறைக்காரர்கள் எல்லோரும் ஒரே வழக்கைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். பஜாஜ் ஆட்டோவும் டி.வி.எஸ். மோட்டாரும் மோதிக்கொண்ட வழக்கு. பஜாஜின் பல்சரில் வந்த டி.டி.எஸ்.-ஐ என்ஜினுக்கு 2002 ஜூலையில் விண்ணப்பித்து 2005இல் வாங்கிய காப்புரிமை இருந்தது. டி.வி.எஸ். 125 சி.சி.யில் ஃபிளேம் என்ற வண்டியை அறிவித்ததும், இது எங்களுடையது என்று பஜாஜ் சொன்னது. ஆதாரமில்லாமல் மிரட்டுகிறார்கள் என்று டி.வி.எஸ். முதலில் சென்னையில் வழக்குப் போட்டது, அப்புறம் பஜாஜும் இங்கேயே போட்டது. இரண்டும் ஒன்றாக ஹைகோர்ட்டே நேரடியாக விசாரிக்கும் ஒரிஜினல் சைடில் விசாரணைக்கு வந்தன.

நான் அந்த வழக்கில் யாருக்கும் ஆஜராகவில்லை. பின்வரிசையில் நின்று கேட்கப் போன ஜூனியர்களில் ஒருத்தி, அவ்வளவுதான். முதல் வாரம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் எலெக்ட்ரானிக்ஸ், இது என்ஜின். சீனியரிடம் சொன்னேன். "புத்தகத்தைப் படிச்சா வக்கீலுக்குப் புரியும். ஜட்ஜுக்குப் புரிய வைக்கணும்னா சாமானைக் கையில எடுத்துப் பாரும்மா" என்றார். மறுநாள் சனிக்கிழமை புதுப்பேட்டைக்குப் போனேன்.

புதுப்பேட்டையைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தெருவின் இரண்டு பக்கமும் வண்டிகளை அக்கக்காகக் கழற்றிக் குவித்திருப்பார்கள். ஒரு வயதான மெக்கானிக் பழைய பல்சர் ஹெட் ஒன்றை, சிலிண்டரை மூடும் பாகத்தை, குவியலிலிருந்து இழுத்து, மண்ணெண்ணெயில் கழுவி, சாக்கின் மேல் கவிழ்த்து வைத்தார். குழிவான பகுதியில் நடுவே இரண்டு பெரிய ஓட்டைகள், வால்வு உட்காரும் இடம். ஓரங்களில் எதிரும் புதிருமாக இரண்டு சின்ன ஓட்டைகள், ஸ்பார்க் பிளக்குக்கு. "ஒரு மூலையில தீ வச்சா அந்த மூலைக்குப் போய்ச் சேர நேரமாகும்ல, அதான் ரெண்டு பக்கமும் வைக்கிறான்" என்று விரலால் காட்டினார். பெட்ரோல் குறைவாகவும் காற்று அதிகமாகவும் கலந்தால் மெதுவாகத்தான் எரியும். இரண்டு பக்கமும் பொறி வைத்தால் அதுவும் முழுசாக எரிந்துவிடும். இதைத்தான் ஒரு வாரமாகக் கோர்ட்டில் பெரிய பெரிய வார்த்தைகளில் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பிளக்கைச் சுற்றி ஒரு குழாய் மாதிரி இருந்ததையும் காட்டினார். அதுதான் ஸ்லீவ், உள்ளே சுற்றும் ஆயில் பிளக்கின் மேல் படாமலிருக்க. இருநூறு ரூபாய் கொடுத்து அந்த ஹெட்டை வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். சேலையில் பட்ட கறை போகவே இல்லை. இன்றும் என் மேசையில் காகிதங்கள் பறக்காமல் இருக்க அதைத்தான் வைத்திருக்கிறேன்.

பஜாஜின் க்ளெய்ம் சிலிண்டரின் விட்டம் 45 முதல் 70 மில்லிமீட்டர் வரை உள்ள சிறிய என்ஜின்களைப் பற்றியது. இரண்டு வால்வு, இரண்டு பிளக், ஒரு ஸ்லீவ். டி.வி.எஸ். என்ஜினில் பிளக் இரண்டு, வால்வு மூன்று. இரட்டை பிளக் பழைய சங்கதி, எங்கள் என்ஜினின் உயிர் மூன்று வால்வில் இருக்கிறது என்பது டி.வி.எஸ். வாதம். பெரிய என்ஜினில் வேண்டுமானால் பழசு, இவ்வளவு சின்ன சிலிண்டரில் இரண்டு பிளக்கை வைத்துக் குறைந்த பெட்ரோலை எரித்துக் காட்டியதுதான் புதுசு, மூன்றாவது வால்வைச் சேர்த்துவிட்டால் தப்பிக்க முடியுமா என்பது பஜாஜ் வாதம். 2008 பிப்ரவரியில் தனி நீதிபதி பஜாஜ் பக்கம் இடைக்காலத் தடை கொடுத்தார். 2009 மே மாதம் இரண்டு நீதிபதிகள் கொண்ட டிவிஷன் பெஞ்ச் அந்தத் தடையை நீக்கியது. பஜாஜ் உச்ச நீதிமன்றம் போனது.

அந்தத் தீர்ப்புகளை நான் வரி வரியாகப் படித்தேன். இரண்டு என்று எழுதியவன் மூன்றைத் தடுக்க முடியுமா என்ற ஒரே கேள்விக்காக அத்தனை பக்கம். பென்சிலால் கோடு போட்டுப் போட்டுப் படித்தவளுக்கு, முதல் தீர்ப்புக்கு மூன்று மாதம் முன்பு தான் எழுதி கிண்டி காப்புரிமை அலுவலகத்தில் தாக்கல் செய்த ஒரு க்ளெய்ம் நினைவுக்கு வரவே இல்லை.

அது 2007 நவம்பர். கோயம்புத்தூரிலிருந்து அந்தப் பட்டறை முதலாளி மஞ்சப்பையில் ஒரு பெட்டியோடு வந்திருந்தார். ஆழ்குழாய்க் கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டால் நீர்மூழ்கி மோட்டார் வெறுமனே ஓடிக் கருகிவிடும். தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கக் கிணற்றுக்குள் நூற்றுக்கணக்கான அடிக்குத் தனி வயர் இறக்குவது வீண் செலவு, அடிக்கடி அறுந்தும் போகும். தண்ணீர் இல்லாமல் ஓடும் மோட்டாருக்குப் பாரம் குறைவு. மின்னோட்டமும் பவர் ஃபேக்டரும் இறங்கும். அதை மேலேயே அளந்து மோட்டாரை நிறுத்திவிடலாம். இதுவரை பலரும் யோசித்ததுதான். சிக்கல் என்னவென்றால் கிராமத்து லைனில் வோல்டேஜ் ஆடும்போதும் மின்னோட்டம் ஆடும், மோட்டார் சும்மா சும்மா நின்றுவிடும். எது கிணறு வற்றியதால் வந்த இறக்கம், எது லைன் செய்யும் சேட்டை என்று பிரித்துக் காட்ட அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். பத்தாவது வரை படித்தவர். அன்னூர்ப் பக்கம் தோட்டம் தோட்டமாகப் போய், மோட்டார் ரூமில் உட்கார்ந்து, நோட்டில் எண்களை எழுதி எழுதிக் கண்டுபிடித்தது.

அவர் கொண்டுவந்த பெட்டியில் மூன்று வளையங்கள் இருந்தன, கம்பிக்கு ஒன்று. நான் எழுதினேன்: 'மூன்று பேஸ் கம்பிகளிலும் முறையே பொருத்தப்பட்ட மூன்று மின்னோட்ட உணரிகள்'. கிணறு ஒன்று, தென்னை எட்டு என்று எழுதுவது மாதிரி. ஒன்று விடாமல் எழுதிவிட்டோம் என்று எனக்கு அன்றைக்கு அவ்வளவு திருப்தி.

மூன்று கம்பி மட்டுமே போகும் த்ரீ பேஸ் இணைப்பில் மூன்று மின்னோட்டங்களையும் எந்த நொடியில் கூட்டினாலும் பூஜ்யம்தான் வரும். இரண்டை அளந்தால் மூன்றாவது கணக்கிலேயே கிடைத்துவிடும். நான் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள். எனக்குத் தெரியாதது இல்லை. யோசிக்கவில்லை.

விண்ணப்பம் வரிசையில் கிடந்து, ஆட்சேபணைகள் வந்து, 2012இல் உரிமம் கிடைத்தது. ஆட்சேபணைகளில் ஒன்று பிரிவு 3(கே). நம் சட்டத்தில் கணினி நிரல் 'பெர் ஸே', அதாவது தன்னளவில் மட்டும், காப்புரிமைக்கு உரியதல்ல, அல்காரிதமும் அல்ல. அந்த 'பெர் ஸே' என்ற இரண்டு சொல்லில்தான் இந்தியாவின் மென்பொருள் காப்புரிமை எல்லாம் தொங்கிக்கொண்டிருக்கிறது. டெல்லி உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரில், ஃபெரிட் அலானி வழக்கில், நிரல் இருக்கிறது என்பதற்காகவே எல்லாவற்றையும் தள்ளக் கூடாது, அதனால் தொழில்நுட்ப விளைவு உண்டா என்று பார் என்றது. எங்களுக்கு அது வருவதற்கு முன்பே, மோட்டாரை நிறுத்துகிற ரிலே கண்ணுக்குத் தெரிகிறதே என்று வாதாடி ஒருவழியாக வாங்கினோம். அந்த வாதத்துக்கும் மூன்று வளையங்கள் உதவின என்பதை மறைக்கக் கூடாது. வெறும் கணக்கு இல்லை, சாமான் இருக்கிறது என்று காட்ட அவை இருந்தன.

டீக்கடை பெஞ்சிலிருந்து எழுந்ததும் அவரிடம் சொல்லிவிட்டேன். கிளம்பும்வரை காத்திருக்க மனசு வரவில்லை. "அண்ணா, நம்ம பேப்பர்ல மூன்று என்று இருக்கிறது. இவங்க இரண்டு வச்சிருக்காங்க. அதை எழுதினது நான். நீங்க வேற வக்கீலைப் பார்க்கிறதுதான் நியாயம்." அவர் பெட்டியின் மூடியைத் திருகி முடித்தார். அப்புறம் சொன்னார்: "அன்னைக்கு எம்பட பொட்டியில மூணுதானுங்க இருந்துது. இருந்ததைத்தானே எழுதுனீங்க. எழுதுன நீங்களே வந்து நில்லுங்க." டீக்குக் காசு கொடுக்க என்னை விடவில்லை.

கிடைத்த உரிமத்தைத் திருத்தலாமே என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது. பிரிவு 59இன்படி விட்டுக்கொடுக்கலாம், பிழை திருத்தலாம், விளக்கலாம். எல்லையை விரிக்க மட்டும் விடமாட்டார்கள். மூன்றை இரண்டாக்குவது விரிப்பது.

கோவை மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டோம். எதிர்த்தரப்பு உடனே, இந்தக் காப்புரிமையே செல்லாது என்று எதிர்க்கோரிக்கை வைத்தது. அப்படி வைத்துவிட்டால் சட்டப்படி வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போய்விடும். கட்டு சென்னை வந்து எண் ஆக ஒரு வருஷம் ஓடியது. எதிர்க்கோரிக்கை வைப்பதில் தவறு ஒன்றுமில்லை. நம் நாட்டில் பேட்டன்ட் கையில் இருப்பதால் மட்டுமே அது செல்லும் என்று ஆகிவிடாது, சட்டமே அப்படித்தான் சொல்கிறது. மதுரைக்காரர் ஒருவர் ஒரே போனில் பல சிம் கார்டு போடும் முறைக்கு 2008இல் காப்புரிமை வாங்கினார். சுங்கத்துறையில் அதைப் பதிந்து, இறக்குமதியான போன்களை நிறுத்தும் அளவுக்குப் போனார். 2012இல் தேனாம்பேட்டையில் இருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் அந்த உரிமத்தையே ரத்து செய்தது. அந்த வாரியமும் 2021 ஏப்ரலில் கலைக்கப்பட்டுவிட்டது, வழக்குகள் எல்லாம் உயர் நீதிமன்றங்களுக்கு வந்தன. 2023இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் இதற்கென்று தனிப் பிரிவு வந்ததை நான் மனதார வரவேற்கிறேன். நாம் சொல்லும் தொழில்நுட்பத்தைக் கேட்க நேரம் ஒதுக்கும் நீதிபதி கிடைப்பது பெரிய விஷயம்.

எங்கள் இடைக்கால மனு 2018இல் விசாரணைக்கு வந்தது. கன்ட்ரோலர் இரண்டையும் மூடி கழற்றி மேசையில் வைத்தேன். இரண்டு உணரியும் ஒரு கணக்கும் சேர்ந்தால் மூன்று உணரிக்குச் சமம், அதே வேலை, அதே வழி, அதே பலன் என்று வாதாடினேன். புதுப்பேட்டையில் படித்த பாடம் உதவியது. பத்தே நிமிஷத்தில் நீதிபதிக்குச் சர்க்யூட் புரிந்துவிட்டது. புரிந்ததால்தான் அந்தக் கேள்வி வந்தது.

"இரண்டு போதும் என்று இவ்வளவு எளிதாக விளக்குகிறீர்கள். விண்ணப்பம் எழுதும்போது இது தெரியாதா?"

எதிர்த்தரப்பு வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டார். தெரிந்தே மூன்று என்று எழுதினார்கள், அப்படியானால் இரண்டை ஊருக்கு விட்டுவிட்டார்கள் என்றுதான் அர்த்தம், இப்போது வேலியை நகர்த்தக் கேட்கிறார்கள் என்றார். என் அப்பா கேட்டிருந்தால் அவர் பக்கம்தான் தலையாட்டியிருப்பார். பத்திரத்தைப் பார்த்து நிலம் வாங்குகிற பக்கத்துக்காரனுக்கும் நியாயம் வேண்டும் அல்லவா. அன்று நான் வாதாடியதைப் பொய் என்று சொல்லமாட்டேன், சொல் மாறினாலும் வேலையும் வழியும் பலனும் ஒன்றானால் சமம் என்னும் சமானக் கோட்பாடு உண்மையான கோட்பாடு. ஆனால் எதிராளி சொன்னதிலும் உண்மை இருந்தது. தடை மறுக்கப்பட்டது. விற்ற கணக்கை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும் என்று மட்டும் எதிர்த்தரப்புக்கு உத்தரவு.

கணக்கு எழுதச் சொல்லும் அந்த உத்தரவுக்கும் ஒரு கதை உண்டு. பஜாஜ் வழக்கில் 2009 செப்டம்பர் 16 அன்று உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது: டி.வி.எஸ். விற்கட்டும், கணக்கு வைக்கட்டும், மூல வழக்கை நவம்பர் 30க்குள் முடியுங்கள். கூடவே, அறிவுசார் சொத்துரிமை வழக்குகள் வருஷக்கணக்கில் கிடக்கின்றன, சண்டை எல்லாம் இடைக்காலத் தடையைப் பற்றியே நடக்கிறது, இனி தினசரி விசாரித்து நாலு மாதத்துக்குள் இறுதித் தீர்ப்பு சொல்லுங்கள் என்று எல்லா நீதிமன்றங்களுக்கும் சொன்னது. அதைப் படித்த அன்று நான் சீனியர் அறைக்கு ஓடினேன். அவர் பேப்பரை வாங்கிப் பார்த்துவிட்டு, "நல்ல ஆர்டர். பாதுகாத்து வை" என்றார். பஜாஜும் டி.வி.எஸ்.ஸும் 2019 அக்டோபரில் சமாதானம் செய்துகொண்டார்கள். பத்து வருஷம்.

எனக்கு இதில்தான் ஆறாத வருத்தம். காப்புரிமை விண்ணப்ப நாளிலிருந்து இருபது வருஷம் மட்டுமே வாழும். நிலம் வழக்கு முடியும்வரை காத்திருக்கும், அந்த நான்கெல்லையும் அங்கேயே இருக்கும். இது வழக்கு நடக்க நடக்கக் கரைந்துகொண்டே போகும் சொத்து. டி.வி.டி. பிளேயர் பற்றிய ஃபிலிப்ஸ் நிறுவனத்தின் காப்புரிமைக்கு டெல்லியில் 2009இல் வழக்குப் போட்டார்கள். சாட்சி விசாரணை எல்லாம் முடிந்து ராயல்டி கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது 2018 ஜூலையில். காப்புரிமை 2015 பிப்ரவரியிலேயே காலாவதி. அதற்குள் டி.வி.டி. பிளேயரே பரணுக்குப் போய்விட்டது. பாத்திரம் கடையும்போது பிடித்துக்கொள்ளும் கருவி பற்றிய பிஷ்வநாத் பிரசாத் வழக்கு எங்கள் துறையில் எல்லோரும் முதலில் படிப்பது. அந்தக் காப்புரிமை 1951ஆம் ஆண்டினுடையது, அப்போது ஆயுள் பதினாறு வருஷம். அது புதுமையே அல்ல என்று உச்ச நீதிமன்றம் கடைசி வார்த்தை சொன்னது 1978 டிசம்பரில். இப்படி இருப்பதால் இடைக்கால உத்தரவே தீர்ப்பாகிவிடுகிறது. சாட்சியைக் கூண்டில் ஏற்றி, சாமானைப் பிரித்துப் போட்டு, குறுக்கு விசாரணை செய்து முடிக்கும் வழக்குகள் என் காலத்தில் விரல் விட்டு எண்ணக்கூடியவை. பெரிய கம்பெனி இதைத் தாங்கும். பதினைந்து பேர் வேலை பார்க்கும் பட்டறை தாங்காது.

இதற்கு நடுவே டெல்லி வேலையும் வந்தது. 2013இல் எரிக்சன் மைக்ரோமேக்ஸ் மீது வழக்குப் போட்டதிலிருந்து தொலைத்தொடர்புக் காப்புரிமை வழக்குகள் அங்கே பெருகின. நான் பெங்களூரில் சோதித்த அதே வகைக் குரல் கோடெக் நீதிமன்றத்துக்கு வந்திருந்தது. இன்னொரு வழக்கில் ஒரு மூத்த வழக்கறிஞருக்கு அதை விளக்க என்னை அழைத்தார்கள். ஒரு பேச்சுத் துண்டை அவர் காதில் ஹெட்போன் வைத்துக் கேட்க வைத்தேன், சுருக்கும் முன்னால் ஒன்று, சுருக்கிய பின்னால் ஒன்று. இரண்டும் ஒன்றுதானே என்றார். அந்த 'ஒன்றுதானே'வுக்குள்தான் சார் அத்தனை க்ளெய்மும் இருக்கிறது என்றேன்.

அந்த வழக்குகளின் ருசியே வேறு. எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான தரநிலையை ஒட்டிப் போன் தயாரித்தால் அந்தக் காப்புரிமையை மிதிக்காமல் செய்யவே முடியாது. ஊருக்கு ஒரே வாய்க்கால், எல்லோரும் அதிலிருந்துதான் பாய்ச்ச வேண்டும், அது ஒருவர் நிலத்தின் வழியாக ஓடுகிறது என்பது போல. அவர் தண்ணீரை நிறுத்தக் கூடாது. நியாயமான, பாரபட்சமில்லாத கூலி வாங்கிக்கொள்ள வேண்டும். எவ்வளவு என்பதுதான் சண்டை. போன் விலையில் சதவீதமா, உள்ளே உள்ள சிப்பின் விலையில் சதவீதமா என்றே வருஷங்கள் போகும். 2024 மார்ச்சில் லாவா எரிக்சனுக்கு 244 கோடி ரூபாய் கொடுக்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது, முழு விசாரணைக்குப் பிறகு. எட்டுக் காப்புரிமைகளில் ஒன்று செல்லாது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. யாருக்கு எவ்வளவு என்பதை விட, சாட்சிகளை விசாரித்து ஒவ்வொன்றையும் எடைபோட்டு எழுதப்பட்ட தீர்ப்பு என்பதால் அது எனக்குப் பிடிக்கும். சம்பாத்தியம் டெல்லி வேலையில்தான் அதிகம். என் மனசு கணபதியில்தான் கிடந்தது.

2023இல் சமரச மையத்தில் எங்கள் வழக்கு முடிந்தது. ஆயுளில் நாலு வருஷம் பாக்கி. எதிர்த்தரப்பு ஒரு தொகை கொடுத்தது. கொடுக்க வைத்தது 2018இல் எழுத ஆரம்பித்த அந்தக் கணக்குதான், கூட்டிப் பார்த்தபோது அவர்களுக்கே பயம் வந்திருக்க வேண்டும். என் கட்சிக்காரர் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஹைகோர்ட் வாசலில் இளநீர் வாங்கிக் கொடுத்தார். தொகையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "அடுத்தது ஒண்ணு வெச்சிருக்கறனுங்க" என்றார்.

அடுத்தது போன வருஷம் வந்தது. சோலார் பம்புக்கான கன்ட்ரோலர், அதே மாதிரி மஞ்சப்பையில். என் ஜூனியர் க்ளெய்மை எழுதிக் கொண்டுவந்தாள். 'இரண்டு மின்னோட்ட உணரிகள்' என்று இருந்ததை நான் அடித்துவிட்டு, 'குறைந்தது இரண்டு' என்று எழுதினேன். அப்புறம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரைக் கேட்டேன்.

"அண்ணா, ஒன்றை மட்டும் வச்சு இதைச் செய்ய முடியுமா?"

அவர் பேப்பரை வாங்கி அந்த வரியில் விரலை வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"செஞ்சு பார்த்ததில்லைங்க" என்றார். "நாலு நாள் குடுங்க. இன்னைக்குத் தாக்கல் பண்ணிப்போடாதீங்க."

பெட்டியை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு மத்தியான ரயிலுக்குக் கிளம்பிவிட்டார். ஐந்தாம் நாள் இரவு பத்தரை மணிக்குப் போன் வந்தது. பின்னால் மோட்டார் ஓடும் சத்தம். "கேக்குதுங்களா?" என்றார். சத்தம் சீராக ஓடிக்கொண்டே இருந்தது. யாரிடமோ "வால்வை மூடுறா தம்பி" என்றார். பத்து நொடி இருக்கும். ரிலே விழும் டக் சத்தம் எனக்கே கேட்டது. மோட்டார் நின்றது.

"ஒண்ணுதானுங்க போட்டிருக்கறேன்" என்றார்.